எந்தக் கெமிஸ்ட்ரி?

அத்தியாயம் பதினொன்று

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் லிடியா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள் அல்லவா? அதன் புகை இன்னும் அந்த வீட்டில் அடங்கவில்லை.

வயது இருபத்தேழு. சரித்திரத்தில் பட்டம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். நான்கு வருஷமாக ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை. போர்த்துகீசு மட்டும் தெரிந்த நோயாளிக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த டாக்டருக்கும் நடுவில் நின்று, இந்தப் பக்கத்து வார்த்தையை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிற துபாஷி உத்தியோகம். அவள் போய் "நான் டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்றால், கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்?

அதுவும் நேராகப் போய் மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்க முடியாது. சரித்திரம் படித்தவள் கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ் என்று எல்லாவற்றையும் லேபோடு சேர்த்து அடியிலிருந்து படித்துத் தேற வேண்டும். அப்புறம்தான் விண்ணப்பமே போடலாம். அப்பா ஜில்பெர்ட்டோ சூப்பில் ரொட்டியை முக்கிய கையை எடுக்கவே இல்லை. ரொட்டி கரைந்து சூப்போடு போயிற்று.

அம்மா இடலீனா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எந்த காலேஜ்?"

லிடியா அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் அவளிடம் இல்லாமல் இல்லை. பாஸ்டனில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், இவளைப் போலப் பட்டம் வாங்கியபின் திரும்பி வருகிறவர்களுக்கென்றே ஒரு வருஷப் படிப்பு நடத்துகிறது. காத்திருப்போர் வரிசையில் கிடந்தவளை, யாரோ விலகிக்கொண்டதால் கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறாயா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். இந்த விஷயம் செலஸ்த் சித்தி ஒருத்திக்குத்தான் தெரியும்.

இன்று அந்த வெள்ளிக்கிழமை.

காலையில் லிடியா சமையலறைக்குள் வரும்போதே அம்மாவின் முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. இவர்கள் இருக்கும் ஃபால் ரிவர் ஊரில் மேட்டின் மேல் இருக்கிற இரண்டு வருஷக் கல்லூரியில் இடலீனாவுக்கு கேண்டீனில் வேலை. அவள் கைக் கீரைச் சூப்பைக் குடிக்காமல் அங்கே ஒருத்தரும் பட்டம் வாங்கியதில்லை என்பது அவளுடைய கணக்கு.

"இடம் புடிச்சாச்சு!" என்றாள்.

"என்ன இடம்மா?"

"காலேஜ்லதான்டி. சாயங்கால கெமிஸ்ட்ரி. க்ளாஸ் நிரம்பிப் போச்சு, ஒரு ஈ காக்கா உள்ள போக முடியாதுன்னாங்க. பொத்தேல்யோ சார் நேத்து சூப் வாங்க வந்தாரா, கரண்டியைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே கேட்டேன். என் பொண்ணுக்கு இடம் தருவீங்களா, மாட்டீங்களா?"

"தரலேன்னா சூப் இல்லையா?"

"அப்படியெல்லாம் சொல்லல. ஆனா அவருக்குப் புரிஞ்சுது." அம்மா சிரித்தாள். "பகல்ல உன் வேலைய விட வேணாம். சாயங்காலம் க்ளாஸ். முடிஞ்சா பத்து நிமிஷத்துல வீடு. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு ஏண்டி அலையணும்?"

அம்மா இவ்வளவு சந்தோஷமாக இருந்து லிடியா பார்த்து நாளாகிறது. முழங்கால் வலி, முதுகு வலி, கேண்டீன் மேலாளர் என்று தினம் ஒரு புலம்பல் இருக்கும். இன்று எதுவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து பாஸ்டன் என்ற வார்த்தையை எடுக்க இவளுக்கு நாக்கு எழவில்லை. இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சு அது. காப்பியோடு சேர்த்து விழுங்கினாள்.

"ஆசீர்வாதம், அம்மா," என்றாள், கதவருகே நின்று.

"ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்," என்றாள் அம்மா, பாத்திரம் கழுவியபடி.

போர்த்துகலின் அசோர்ஸ் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்த பழக்கம் இது. வெளியே போனாலும் உள்ளே வந்தாலும் பிள்ளைகள் ஆசீர்வாதம் கேட்க வேண்டும். கேட்டால் பெரியவர்கள் கொடுத்தே ஆக வேண்டும். லிடியா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அம்மா ஒருநாள் வாசல் வரை துரத்தி வந்து திட்டினாள். நடுவில் இவள் "ஆசீர்வாதம், அம்மா" என்றதும் நிறுத்தி, "ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தாள். கோபம் வேறு, ஆசீர்வாதம் வேறு. இதுவரை இரண்டும் கலந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி ஒரு மீன் கிட்டங்கித் தொழிலாளி. பெயர் அடெலினோ. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. டாக்டர் இளைஞர், கெட்டிக்காரர். ஆனால் கண் முழுக்க கம்ப்யூட்டர் திரையில்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. 'அவருக்கு மூச்சு வாங்குகிறதாம்' என்று சொல்லக் கூடாது. 'எனக்கு மூச்சு வாங்குகிறது' என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளி பேசினால் நோயாளியின் 'நான்'. டாக்டர் பேசினால் டாக்டரின் 'நான்'. ஒரு வார்த்தை கூட்டக் கூடாது, ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. நடுவில் நிற்கிறவளுக்கென்று ஒரு 'நான்' கிடையாது.

"ராத்திரி படுக்க முடியல," என்றார் அடெலினோ. "மூச்சு வாங்குறது பெருசில்ல. நான் மூச்சுக்குத் தவிக்கறத என் பொண்டாட்டி உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கா. அதத்தான் தாங்க முடியல."

லிடியா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். 'என் பொண்டாட்டி' என்றே சொன்னாள். டாக்டர் தலையாட்டிவிட்டு மாத்திரையின் அளவை மாற்றினார்.

அடெலினோ டாக்டரை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கற, பொண்ணே? நான் பொழைப்பேனா?"

சட்டப்படி இதையும் டாக்டரிடம்தான் தள்ள வேண்டும். தள்ளினாள். டாக்டர் திரையைப் பார்த்தபடி ஏதோ நல்ல வார்த்தை சொன்னார். அதை வாங்கி இவரிடம் கொடுத்தாள். ஆனால் அவர் கேட்டது இவளைத்தான். இப்படி இவளைக் கேட்டு, இவள் பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள் நான்கு வருஷத்தில் நிறையச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குத் தன் வாயாலேயே பதில் சொல்லலாம் என்கிற நாள் ஒன்று வரவேண்டும் என்றுதான் அவள் டாக்டர் படிப்பு என்று ஆரம்பித்தாள். இதை வீட்டில் எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.

வராந்தாவில் செலஸ்த் சித்தி பிடித்துக்கொண்டாள். அம்மாவின் தங்கை, லிடியாவுக்கு ஞானத்தாய், அந்த மாடியின் தலைமை நர்ஸ். வாய் கொஞ்சம் அதிகம், மனசு அதைவிட அதிகம்.

"பாஸ்டனுக்கு பதில் சொன்னியாடி?"

"இல்ல சித்தி. அம்மா மேட்டுக் காலேஜ்ல சீட் புடிச்சு வச்சிருக்கா. கெமிஸ்ட்ரி."

"எந்தக் கெமிஸ்ட்ரி?"

"சாயங்கால கெமிஸ்ட்ரி. பொத்தேல்யோ சார்."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள். "அடி பைத்தியமே! அது நர்ஸ் கெமிஸ்ட்ரிடி! நான் படிச்சது அது. இந்த மாடியில இருக்கற அத்தனை பேரும் படிச்சது அது. இந்த ஊர்ல சும்மா கெமிஸ்ட்ரின்னு சொன்னா அது ஒண்ணுதான்."

"கெமிஸ்ட்ரி கெமிஸ்ட்ரிதானே?"

"உங்கம்மாவும் அப்படித்தான் நினைச்சிருப்பா. அவ சூப் ஊத்தின பொண்ணுங்க எல்லாம் அந்தப் புஸ்தகத்தத்தான் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம். டாக்டர் படிப்புக்கு அது செல்லாதுடி. அதுக்கு வேற கெமிஸ்ட்ரி. கணக்கு கணக்கா வரும், தலை சுத்தும்." சித்தி சிரிப்பை நிறுத்தினாள். "நான் சொல்றதக் கேளு. அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாத. முதல்ல பாஸ்டனுக்கு சரின்னு சொல்லிடு. பாஸ்டன் என்ன சந்திர மண்டலமா? வண்டியில ஒரு மணி நேரம்."

"தினம் போய் வர முடியாது சித்தி. லேப் முடியவே ராத்திரி ஆகும். அங்கதான் தங்கணும்."

"தங்கு. அவ நாலு நாள் அழுவா, அஞ்சாம் நாள் உனக்கு சூப் கட்டிக்கிட்டு வந்து நிப்பா."

சித்தி சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் லிடியாவுக்கு அந்தக் குறுக்கு வழி பிடிக்கவில்லை. கரண்டியைத் தூக்கிப் பிடித்து வாங்கிய இடம். அது உதவுமா உதவாதா என்று கேட்கக்கூடப் போகாமல் தூக்கி எறிய மனசு வரவில்லை. கல்லூரி ஆலோசகருக்கு ஃபோன் போட்டு முழு விவரமும் சொன்னாள்; நேரில் வரச் சொன்னதும் மதிய இடைவேளையில் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக் கல்லூரிக்குப் போனாள்.

ஆகஸ்ட் கடைசி. திங்கட்கிழமை வகுப்பு தொடங்குகிறது. மாணவர் ஆலோசனை அறைக்கு வெளியே வரிசை வாசல் வரை நின்றது. ஆலோசகர் மிசஸ் லெவெக், மூக்கில் சளியும் கையில் காகிதக் கைக்குட்டையுமாக, ஒவ்வொருவரையும் ஒரே குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். லிடியாவின் முறை வரும்போது அந்தக் குரலும் பாதி போயிருந்தது.

உட்கார்ந்து வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டாமல் திறந்தது. ஏப்ரனோடு அம்மா.

"உன் வண்டியப் பாத்தேன். கெமிஸ்ட்ரி விஷயமா? நானும் கேக்கறேன்." சொல்லிக்கொண்டே அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உன் கவுன்ட்டர்ல வரிசை நிக்கும்மா."

"நிக்கட்டும். எல்லாம் சின்னஞ்சிறுசுங்கதான், பசி தாங்கும்." அம்மாவின் ஆங்கிலம் கேண்டீனோடு முடிந்துவிடும். சூப், ரொட்டி, அடுத்த ஆள். அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை. "நீ ஆஸ்பத்திரியில பண்ணுவியே, அதே மாதிரி பண்ணு. ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லு. நான் சொல்றத அவகிட்ட சொல்லு."

லிடியா வேலை செய்து அம்மா பார்த்ததே கிடையாது. வேறு வழியில்லாமல் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். பழக்கம்.

மிசஸ் லெவெக் திரையில் தேடிப் பார்த்தாள். "நீங்க சேர்ந்திருக்கற இந்தப் பாடம் நர்ஸிங் மாணவர்களுக்கானது. நல்ல பாடம்தான். ஆனா எந்த மருத்துவக் கல்லூரியும் இதைக் கணக்குல எடுத்துக்காது."

லிடியா சொன்னாள். அம்மாவின் கை ஏப்ரன் நுனியைப் பிடித்தது.

"கெமிஸ்ட்ரியில எத்தனை கெமிஸ்ட்ரி இருக்குன்னு கேளு."

கேட்டாள். மிசஸ் லெவெக் அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "இங்கயே மூணு இருக்கு. இவங்களுக்கு வேண்டியது பகல்லதான் நடக்குது. லேபும் பகல்லதான். வேலையை விடணும். இன்னொண்ணும் சொல்லிடறேன், மறைக்கக் கூடாது. எங்க மாதிரி ரெண்டு வருஷக் கல்லூரியில படிச்சா சில மருத்துவக் கல்லூரிங்க முகம் சுளிக்கும். சிலது கண்டுக்காது. ஒவ்வொண்ணாக் கேட்டுத்தான் பாக்கணும்."

ஒரு வார்த்தை குறைக்கக் கூடாது. தன் பாதி ஆயுசை இந்தக் கட்டடத்தில் கரண்டி பிடித்தே கழித்தவளைப் பார்த்து, "எங்க மாதிரி கல்லூரியில படிச்சா சில பேர் முகம் சுளிப்பாங்க" என்று லிடியா சொன்னாள். மிசஸ் லெவெக்கின் 'எங்க'தான் அது. ஆனால் சொன்னது மகளின் வாய்.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என் சூப்பைக் குடிச்சிட்டு இதுவரைக்கும் எவனும் முகம் சுளிச்சதில்லைன்னு சொல்லு."

லிடியா அதையும் அப்படியே சொன்னாள்.

"அது சத்தியம்," என்றாள் மிசஸ் லெவெக். "நானே சாட்சி." பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், வெளியே காத்திருக்கிற வரிசையை நினைத்தபடி கேட்டாள். "ஆனா நீங்க காலையில ஃபோன்ல பேசறப்ப பாஸ்டன்ல இடம் கிடைச்சிருக்குன்னு சொன்னீங்களே? அதை விட்டுட்டு ஏன் இங்க வந்து நிக்கறீங்க?"

லிடியா அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

நான்கு வருஷத்தில் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறாள். குழந்தை பிழைக்காது என்று சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தையை விட்டதில்லை. இதை விட்டாள்.

"வேற ஏதாவது கேக்கணுமான்னு கேக்கறாங்கம்மா."

அம்மா இவளையே பார்த்தாள். "பாஸ்டன்னு சொன்னாளே. அத ஏன் முழுங்கின?"

பாஸ்டன் எந்த மொழியிலும் பாஸ்டன்தான். அதற்கு துபாஷி வேண்டியதில்லை. லிடியாவுக்கு இதுகூடத் தோன்றவில்லை, அவ்வளவு களைப்பு. சொல்லிவிட்டாள். இடம் கிடைத்தது, ஒரு வருஷம், அங்கேயே தங்க வேண்டும், வேண்டிய பாடம் எல்லாம் வரிசையாக நடத்திவிடுவார்கள், இன்று மாலைக்குள் பதில். எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"செலஸ்துக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். கத்தப் போகிறாள் என்று லிடியா காத்திருந்தாள். கத்தவில்லை. மிசஸ் லெவெக்கின் பக்கம் நேராகத் திரும்பி, அவளைப் பார்த்தே பேசினாள்.

"இந்த அம்மாகிட்ட சொல்லு. நான் இந்த இடத்தப் புடிச்சது இவ டாக்டர் ஆகணும்னு இல்ல. இவ வீட்டுல இருக்கணும்னு."

"அம்மா, இதெல்லாம் இவங்ககிட்ட..."

"சொல்லு. உன் வேலை அதானே?"

லிடியா ஆங்கிலத்தில் சொன்னாள். "நான் இந்த இடத்தைப் பிடித்தது இவள் டாக்டர் ஆக வேண்டும் என்பதற்காக இல்லை. இவள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக."

"எந்தக் கெமிஸ்ட்ரின்னு எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. பத்து நிமிஷத்துல வீடுன்னு மட்டும்தான் யோசிச்சேன்."

அதையும் சொன்னாள்.

"ஒரு வருஷம்கறா. போறவங்க எல்லாரும் ஒரு வருஷம்னுதான் சொல்வாங்க. தீவ விட்டுக் கிளம்பறப்ப என் அம்மாகிட்ட நானும் ஒரு வருஷம்னுதான் சொன்னேன். அப்புறம் அவகிட்ட ஆசீர்வாதம் வாங்கினது எல்லாம் ஃபோன்லதான்."

லிடியா இதையும் விடவில்லை. "கிளம்பும்போது என் அம்மாவிடம் நானும் ஒரு வருஷம் என்றுதான் சொன்னேன்." அந்த 'நான்' தன் வாயிலிருந்து வரும்போது அது யாருடையது என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பிவிட்டது. அம்மாவுடையதா, இன்னும் முப்பது வருஷம் கழித்துத் தான் சொல்லப் போவதா? பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. சட்டத்தில் அழுகைக்கு இடமில்லை என்பதால் அடக்கிக்கொண்டாள்.

மிசஸ் லெவெக் கைக்குட்டைப் பெட்டியை மேஜையின் நடுவில் தள்ளி வைத்தாள். யாரும் எடுக்கவில்லை. அவளே ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"பெயரைக் கேன்சல் பண்ணிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

லிடியா சொல்வதற்கு முன்பே அம்மா எழுந்துவிட்டாள். "நோ கேன்சல்," என்றாள், தன்னுடைய சொந்த ஆங்கிலத்தில். ஏப்ரனை இழுத்துச் சரிசெய்துகொண்டு கேண்டீனுக்கு நடந்தாள். முழங்கால் வலி இருந்திருக்க வேண்டும். படியில் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்று மதியம் லிடியா இன்னும் சில நோயாளிகளுக்கு 'நான்' ஆனாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் அவளுக்கு நினைவில்லை. வேலை முடிந்து வண்டிக்குள் உட்கார்ந்ததும் எஞ்சினைப் போடவில்லை. எதிரே ஆற்றின் மேல் பெரிய பாலம். அதைத் தாண்டிப் போனவர்கள், திரும்பி வந்தவர்கள், வராதவர்கள் என்று அம்மாவிடம் ஒரு நீண்ட கதை உண்டு. எல்லாப் பெயரும் இவளுக்கு மனப்பாடம்.

மேட்டுக் கல்லூரியில் பகல் கெமிஸ்ட்ரி எடுக்கலாம். வேலையை விடலாம். வீட்டிலேயே இருக்கலாம். முகம் சுளிக்காத மருத்துவக் கல்லூரி ஒன்று எங்காவது இருக்கும். யோசித்துப் பார்த்தாள். அது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அந்தச் சமையலறையில் புத்தகத்தைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் தான் பாதி மகளாகவும் பாதி மாணவியாகவும்தான் இருப்போம் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கிற வேலையை விடத்தானே இத்தனையும்? அங்கே போயும் நடுவில்தான் நிற்பதா?

பாஸ்டனுக்கு ஃபோன் போட்டாள். ஒரு பெண் குரல் எடுத்து, பெயரைக் கேட்டு, என்ன முடிவு என்று கேட்டது.

"நான் வரேன்," என்றாள் லிடியா.

காலையிலிருந்து எத்தனையோ 'நான்' சொல்லிவிட்டாள். இது ஒன்றுதான் அவளுடையது. சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தாள். பொங்கவில்லை. வாழ்த்துகள் என்று அந்தப் பெண் சொன்னதற்கு நன்றி சொல்ல மறந்து ஃபோனை வைத்துவிட்டாள்.

வீட்டில் விளக்கு எரிந்தது. அப்பா மீன் கிட்டங்கியிலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, கூடத்து நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். டி.வி.யில் லிஸ்பன் கால்பந்தாட்டம். உள்ளே அம்மா வெங்காயம் நறுக்கும் சத்தம். தேவைக்கு மேல் பலமான சத்தம்.

லிடியா சமையலறை வாசலில் நின்றாள்.

"ஆசீர்வாதம், அம்மா."

கத்தி நின்றது. மறுபடி நறுக்கத் தொடங்கியது.

"அம்மா, நான் பாஸ்டனுக்கு சரின்னு சொல்லிட்டேன்."

இடலீனா திரும்பவில்லை. கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏங்க, உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. சூப் இருக்கு. வேணும்னா குடிக்கட்டும். வேணாம்னா பாஸ்டன்ல போய்க் குடிச்சுக்கட்டும்."

ஜில்பெர்ட்டோ டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார். மகளைப் பார்த்தார். மனைவியின் முதுகைப் பார்த்தார். பாவம், மனிதர் பகல் முழுக்க ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு வந்திருக்கிறார்.

"அம்மா உன்னச் சாப்பிடக் கூப்பிடறா," என்றார்.

"திங்கக்கிழமை க்ளாஸ் தொடங்குது, இவ பேர் இன்னும் அங்கதான் இருக்குன்னு சொல்லுங்க. நான் எடுக்கச் சொல்லல, எடுக்கவும் போறதில்ல."

அப்பா தொண்டையைச் செருமினார். "உனக்கு இந்த ஊர்ல எப்பவும் ஒரு இடம் இருக்காம். அம்மா சொல்றா."

லிடியாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆஸ்பத்திரியில் இருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கூட்டுகிறார், குறைக்கிறார், சர்க்கரை போடுகிறார். இத்தனை வருஷம் இந்த வீடு இவருடைய மொழிபெயர்ப்பில்தான் ஓடியிருக்கிறது என்று இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை, உடனே வடிந்துவிட்டது. அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த வீட்டில் கேட்டு, கொடுக்கப்படாத ஆசீர்வாதம் என்று ஒன்று கிடையாது.

இன்னொரு தரம் கேட்டாள். இந்தத் தடவை குரல் சின்னப் பிள்ளையின் குரலாக வந்தது. "ஆசீர்வாதம், அம்மா."

வெங்காயம் முடிந்துவிட்டது. கத்தி பலகையில் சும்மா கிடந்தது. அடுப்பில் சூப் கொதிக்கிற சத்தம் மட்டும்.

அப்பாவால் அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து அவசரமாகச் சொன்னார். "ஆண்டவர் உன்ன ஆசீர்வதிக்கட்டும்னு அம்மா சொல்றா."

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் இடலீனா.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். லிடியா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கீரையை அள்ளிச் சட்டியில் போட்டு, கரண்டியால் ஒரு சுற்றுக் கிளறி, மூடியை எடுத்து மூடினாள்.

"இன்னும் சொல்லல," என்றாள்.